கவுன்ட்டர்ஃபிட்னா என்ன? இந்தியில் என்ன சொல்வாங்க?

திருப்பூர் காதர்பேட்டை பக்கம் பனியன் வாங்கப் போனா, இந்தக் கேள்வி கண்டிப்பா காதில் விழும்: "அஸ்லி ஹை யா நக்லி?" பீகார், ஒடிசா, ஜார்க்கண்டில் இருந்து வந்து வேலை பார்ப்பவர்கள் நிறைந்த ஊர். அதனால் இந்த ரெண்டு வார்த்தையும் இங்கே பலருக்கும் அத்துப்படி. அஸ்லி என்றால் அசல். நக்லி என்றால் போலி.

இந்த நக்லிக்கு ஆங்கிலத்தில் சட்டம் பேசுறவங்க சொல்லும் வார்த்தைதான் 'கவுன்ட்டர்ஃபிட்'. கடைசியில் 'ஃபிட்' என்றுதான் உச்சரிக்கணும், 'ஃபீட்' இல்லை. எதிராக என்பதற்கும் செய் என்பதற்கும் உள்ள லத்தீன் சொற்களில் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த வார்த்தை இது. ஏமாற்றும் நோக்கத்தோடு அசலைப் போலவே செய்த பொருளைத்தான் இப்படிச் சொல்வாங்க.

இந்தியில் இதற்கு இன்னொரு வார்த்தையும் உண்டு: 'ஜாலி'. "ஜாலி நோட்" என்று யாராவது சொன்னா சந்தோஷப்படாதீங்க, கள்ளநோட்டைத்தான் சொல்றாங்க! கையெழுத்து, பத்திரம், ரூபாய் நோட்டுக்கு ஜாலி. துணி, மருந்து, நகைக்கு நக்லி என்பதுதான் பொதுவான வழக்கம்.

நக்லி பிறந்தது 'நகல்' என்ற அரபுச் சொல்லில். அதே நகல் தமிழுக்கும் வந்திருக்கு. ஆனா நமக்கு அது வெறும் ஜெராக்ஸ். ஆதார் நகல் கொடுத்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. 'நக்லி ஆதார்' என்றால் கதையே வேறு!

'இமிடேஷன்' என்பதையும் இதோடு குழப்பிக்க வேண்டாம். கவரிங் நகையை கவரிங் என்று சொல்லியே விற்கிறாங்க. அது இமிடேஷன். அதையே தங்கம்னு சொல்லி விற்றால் மோசடி. அதேபோல, 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' என்பது உண்மையான ஆர்டரில் மிஞ்சிய சரக்கு, 'செகண்ட்ஸ்' என்பது சின்னக் குறையுள்ள சரக்கு. ரெண்டும் நக்லி இல்லை. ஆனா சாதா டி-ஷர்ட்டில் பிரபல பிராண்டின் லேபிளை அனுமதியில்லாமல் தைத்தால், அதுதான் அசல் நக்லி!

பவர்டேபிள் வைத்து ஜாப் ஒர்க் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 1999-ம் வருட வர்த்தகச் சின்னங்கள் சட்டப்படி, போலிச் சின்னத்தைப் பொருத்துவதும் குற்றம், அப்படிப்பட்ட சரக்கை விற்பதும் குற்றம். 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். "ஆர்டர் கொடுத்தாங்க, தைச்சேன்" என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. ஏமாற்றும் எண்ணம் எனக்கு இல்லை என்று காட்ட கையில் ஆதாரம் இருக்கணும்.

அதனால் லேபிளோடு ஆர்டர் வந்தா, பிராண்ட் கொடுத்த அனுமதிக் கடிதத்தைக் கேளுங்க. பில், டெலிவரி சலான் எல்லாத்தையும் பத்திரப்படுத்துங்க. கடிதம் தரத் தயங்கினா, எவ்வளவு பெரிய ஆர்டரா இருந்தாலும் விட்டுடுங்க.

வாங்குறவங்களுக்கு ஒரு வார்த்தை: லேபிளைப் பார்த்து மயங்காம தையலையும் துணியையும் தொட்டுப் பாருங்க, பில் கேளுங்க. சந்தேகமா இருந்தா, இருக்கவே இருக்கு அந்தக் கேள்வி: "அஸ்லி ஹை யா நக்லி?"