அரக்கில் பதிந்த குரல்

சோட்டா நாக்பூர் காடுகளில் புரச மரக் கிளைகளை அப்பிக்கொண்டு வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின்தான் அரக்கு. பழங்குடி மக்கள் கிளையை வெட்டிச் சுரண்டி எடுத்த அரக்கு, உருக்கித் தகடாக்கப்பட்டு, கல்கத்தாவில் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனது. கல்தூளும் கரியும் சேர்த்துச் சூடாக அழுத்தினால் இசைத்தட்டு. நம் பாட்டன் பாட்டி காலத்துக் கிராமபோனில் சுழன்றதும் இதே அரக்குதான்.

அப்படி 1920-இல் நியூயார்க்கில் உருவான ஒரு தட்டின் கதை இது. ஓகே என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் வெளியீடு, எண் 4169. பாட்டு ‘கிரேஸி ப்ளூஸ்’. பாடியவர் மேமி ஸ்மித்.

தட்டுக்கு முன்பே பாட்டு இருந்தது. 1918-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் லிங்கன் தியேட்டரில் ‘மேட் இன் ஹார்லெம்’ என்ற மேடை நிகழ்ச்சியில், ‘ஹார்லெம் ப்ளூஸ்’ என்ற பெயரில் மேமியே அதைப் பாடியிருக்கிறார். சின்சினாட்டியில் பிறந்து, சிறுவயதிலேயே ஆடல் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றியவர் அவர். பாட்டை எழுதிய பெர்ரி பிராட்ஃபோர்டு, இதைத் தட்டில் பதியவேண்டும் என்று கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். கறுப்பின மக்கள் தட்டு வாங்கமாட்டார்கள் என்பது முதலாளிகளின் எண்ணம். அமெரிக்காவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் இருந்தார்கள்; அவர்கள் வீடுகளிலும் கிராமபோன் ஓடியது. ஆனால் ப்ளூஸ் என்ற தங்கள் பாட்டு வகையைத் தங்கள் பெண்களின் குரலில் கேட்க ஒரு தட்டுகூடக் கிடையாது.

ஓகே கம்பெனியின் ஃப்ரெட் ஹேகர் ஒருவழியாக இசைந்தார். அவர் முதலில் நினைத்தது சோஃபி டக்கர் என்ற புகழ்பெற்ற வெள்ளைக்காரப் பாடகியை. அது கைகூடாமல் போகவே, 1920 பிப்ரவரி 14 அன்று மேமி இரண்டு பாட்டுகள் பதிந்தார். பக்கவாத்தியம் வெள்ளைக்காரர்கள். கறுப்பினப் பெண்ணைப் பாடவைத்தால் கம்பெனியின் சரக்கையே புறக்கணிப்போம் என்று மிரட்டல் கடிதங்கள் வந்ததாகப் பிராட்ஃபோர்டு பின்னாளில் எழுதினார். அந்தத் தட்டு விற்றது. ஆகஸ்ட் 10 அன்று மீண்டும் அழைத்தார்கள். இந்த முறை பதிந்தது ‘கிரேஸி ப்ளூஸ்’; வாசித்தவர்களும் கறுப்பினக் கலைஞர்கள்.

அன்று மைக் கிடையாது. பெரிய தகரக் குழலின் வாயருகே நின்று பாடவேண்டும். குரலின் விசையே மறுமுனையில் ஊசியை அதிரவைத்து மெழுகில் கோடு கீறும். மெல்லப் பாடினால் ஒன்றும் பதியாது. வாத்தியக்காரர்கள் குரலை மூழ்கடிக்காதபடி தள்ளி நிற்பார்கள். கூடாரங்களிலும் நாடகக் கொட்டகைகளிலும் ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைவரை குரலை எட்டவைத்துப் பழகிய பெண்களுக்கு அந்தக் குழல் ஒரு பொருட்டே இல்லை. மேமி மேடைப்பாடகிதான், அசல் ப்ளூஸ்காரி இல்லை என்று விமரிசகர்கள் சிலர் ஒதுக்குவதுண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. மேடை கொடுத்த அந்தத் தொண்டை இல்லாவிட்டால் தட்டே இல்லை.

‘கிரேஸி ப்ளூஸ்’ தட்டு கடைக்கு வந்ததும் ஆயிரக்கணக்கில் போயிற்று. தட்டு போன வழிதான் எனக்குப் பெரிய வியப்பு. நீண்டதூர ரயில்களின் புல்மேன் படுக்கைப் பெட்டிகளில் பணிசெய்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினத்தவர்கள். ஒரு டாலர் தட்டை டஜன் கணக்கில் வாங்கி, தெற்கே கடையே இல்லாத சிற்றூர்களில் அவர்கள் கூடுதல் விலைக்கு விற்றார்கள். அங்கே வாங்கியவர்கள் பலர் வீட்டுவேலையும் வயல்வேலையும் செய்து கூலிவாங்கியவர்கள்.

அதன்பின் கறுப்பினப் பாடகிகளைத் தேடிக் கம்பெனிகள் ஓடின. பெஸ்ஸி ஸ்மித்தைக் கொலம்பியா கம்பெனி 1923-இல் பிடித்தது. அவருடைய முதல் தட்டில் இருந்த ‘டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்’, ஆல்பர்ட்டா ஹன்டரும் லவ்வி ஆஸ்டினும் எழுதியது. பல ஆண்டுகளாகக் கூடாரங்களில் பாடிவந்த மா ரெய்னியை அதே ஆண்டு பாரமௌன்ட் கம்பெனி பதிவு செய்தது. அந்தக் கம்பெனியை நடத்தியது விஸ்கான்சினின் ஒரு நாற்காலி ஆலை.

தட்டுகளுக்கு இன்னொரு பயணமும் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் அரக்கு போர்ச் சரக்காயிற்று. 1942-இல் அமெரிக்க அரசு தட்டுகளுக்கான அரக்கைக் கடுமையாகக் குறைத்தது. பழைய தட்டுகளைத் திரட்டி உருக்கினார்கள். ப்ளூஸ் பாடிய பெண்களின் குரல்கள் எத்தனை அந்த உலையில் போயினவோ!

மேமி 1946-இல் இறந்தார். ஸ்டேட்டன் தீவில் அவர் கல்லறைக்கு 2014 வரை ஒரு பெயர்க்கல்கூட இல்லை. ‘கிரேஸி ப்ளூஸ்’ 2005-இல் அமெரிக்க தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2022 ஜனவரி முதல் அந்தப் பதிவு அமெரிக்காவில் பொதுச்சொத்து. இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. கரகரப்பைப் பொருட்படுத்தாமல் முழுப் பாட்டையும் ஒருமுறை கேளுங்கள்.