பனிநில ஆடை கற்பித்த பாடம்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது தமிழர் வழங்கும் பழமொழி. வெப்ப நாடுகளில் வாழ்வோர் இதனைத் தோற்றப் பொலிவுக்கே உரியதாகக் கொள்வர். இங்கே உடை மானத்தைக் காப்பது, அழகைக் கூட்டுவது. வடமுனைப் பனிவெளியிலும் இமயத்தின் உச்சியிலுமோ அப்பழமொழிக்கு வேறு பொருள் உண்டு. அங்கு ஆடை உயிரின் பாதி. கையுறை ஒன்று காற்றில் பறந்தால் கை பறிபோகும். காலுறை ஒன்று நனைந்தால் விரல்கள் கருகி உதிரும். அத்தகைய இடங்களில் மனிதன் என்ன உடுத்தினான், எதனைக் கண்டு திருந்தினான், யாரிடம் கற்றான் என்பது பேரரசர்களின் போர் வரலாற்றினும் குறைந்த வரலாறு அன்று.

ஆடை வெப்பம் தரும் என்பது பொதுவான எண்ணம். அடுப்பு வெப்பம் தரும், ஆடை தராது. உடல் உண்டாக்கும் வெப்பத்தை வெளியேற விடாமல் தடுப்பதே ஆடையின் பணி. அப்பணியையும் பெரும்பாலும் செய்வது துணியன்று. அதன் இழைகளுக்கிடையே அசையாது நிற்கும் காற்றே. அக்காற்று நின்ற இடத்தில் நீர் புகுந்துவிட்டால் காவல் குலைகிறது. ஏனெனில், நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு மிகுதியாக வெப்பத்தைக் கடத்த வல்லது. இந்நீர் இரு வழிகளில் வரும். மழையாகவும் பனியாகவும் வெளியிலிருந்து வருவது ஒன்று. வியர்வையாக உள்ளிருந்து வருவது மற்றொன்று. முதற்பகையை எல்லாரும் எளிதில் அறிந்தனர். இரண்டாம் பகையை அறிந்தவரே பனியில் பிழைத்தனர்.

ஊசி செய்த புரட்சி

பனிநில ஆடையின் தொடக்கம் ஓர் ஊசியில் உள்ளது. சைபீரியாவின் டெனிசோவா குகையில் காதுள்ள எலும்பு ஊசி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அது 40,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது. தோலைப் போர்த்திக்கொள்வதும் தோலைத் தைத்து உடுத்துவதும் ஒன்றல்ல. போர்வையின் இடுக்குகளில் காற்று நுழையும். உடலோடு பொருந்தத் தைத்த ஆடையில் அது நுழைவது அரிது. மனித இனம் வடதிசைக் குளிர்நிலங்களில் குடியேறி நிலைத்ததற்கு நெருப்புக்கு அடுத்தபடியாகத் துணைநின்றது இவ்வூசியே எனலாம்.

இக்கலையை அதன் உச்சிக்குக் கொண்டு சென்றவர் வட அமெரிக்காவின் வடகோடியிலும் கிரீன்லாந்திலும் வாழும் இனுயிட் மக்கள். அவர்களது குளிர்கால உடை கரிபூ என்னும் மானின் தோலால் ஆனது. அம்மானின் மயிர் உள்ளே காற்றறைகளைக் கொண்டது. ஆதலின் எடை குறைவு, காப்பு மிகுதி. அவர்கள் இரண்டு அடுக்குகளாக உடுத்தினர். உள்ளங்கியின் மயிர்ப்புறம் உடலை நோக்கியும், வெளியங்கியின் மயிர்ப்புறம் வெளியே நோக்கியும் அமைந்தன. இரண்டும் தளர்வாகத் தைக்கப்பட்டன. முன்புறத்தில் திறப்பு இல்லை. தலையுறை அங்கியோடே இணைந்திருந்தது. உழைக்கும்போது உடல் சூடேறினால் தலையுறையைப் பின்னே தள்ளுவர். கழுத்தின் வழியே வெப்பமும் ஈரமும் வெளியேறிவிடும். ஓய்ந்து அமரும்போது மீண்டும் மூடிக்கொள்வர். வியர்வை தோன்றும் முன்பே அதனைத் தடுத்த முறை இது.

தலையுறையின் விளிம்பில் ஓநாய் அல்லது வுல்வரின் என்னும் விலங்கின் மயிரை வைத்துத் தைத்தனர். மூச்சின் ஈரம் அதில் உறைந்தாலும் எளிதில் தட்டி உதிர்த்துவிடலாம். வீட்டினுள் நுழையுமுன் ஆடையில் ஒட்டிய பனியை அடித்து நீக்குவதற்கென்றே ஒரு கோல் வைத்திருந்தனர். உள்ளே கொண்டு சென்றால் பனி உருகித் தோல் நனையும் அன்றோ? நீரில் இறங்கும் காலணிகளைத் தைக்கும்போது, தோலின் பாதித் தடிப்பளவே ஊசியைச் செலுத்தினர். மறுபுறம் துளை விழாது. நூலாக நின்ற விலங்கு நரம்பு நனைந்தவுடன் பருத்துத் துளையை அடைத்துக்கொள்ளும். இத்தையலைச் செய்தவர் பெண்கள். வேட்டையாடுபவனின் உயிர் அவன் ஈட்டியில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு அவன் மனைவியின் ஊசியிலும் இருந்தது.

ஐரோப்பியர் உடுத்தவை

இதே காலத்தில் ஐரோப்பியர் வேறு வழியில் முயன்றனர். 1823ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மாக்கிண்டாஷ் இரு துணிகளுக்கிடையே ரப்பர்க் கரைசலைப் பூசி மழையங்கி செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அது மழையை முற்றும் தடுத்தது; அதுபோலவே வியர்வையையும் வெளியே விடாமல் தடுத்தது. வெளிநீரை வென்றவன் உள்நீரில் நனைந்தான். 1879இல் தாமஸ் பர்பெரி என்பவர் இங்கிலாந்தில் கேபர்டீன் துணியை உருவாக்கினார். நெய்த பின் துணிக்குப் பூச்சுப் பூசாமல், நெய்யும் முன்பே நூலை நீர் ஒட்டாதபடி பதப்படுத்தி, பின்னர் நெருக்கமாக நெய்வது அவர் கண்ட முறை. காற்றும் தூறலும் உள்ளே வாரா. உடலின் ஈர ஆவி ஓரளவு வெளியேறும். இத்துணி துருவப் பயணிகள் பலருக்கும் மேலாடையாயிற்று.

துணி சிறந்ததாயினும் அதனை உடுத்தும் அறிவு எல்லாருக்கும் ஒரே அளவில் வாய்க்கவில்லை. நார்வே நாட்டவரான ரோல்டு அமுண்ட்சென் 1903 முதல் 1906 வரை கனடாவின் வடபுறக் கடல்வழியே பயணம் செய்தார். அப்போது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கிங் வில்லியம் தீவில் தங்கி, நெட்சிலிக் இனுயிட் மக்களிடம் மாணவராக இருந்தார். நாய்களை ஓட்டவும், பனிவீடு கட்டவும், தோலாடையைத் தளர்வாக உடுத்தவும் கற்றார். அதே தீவுப் பகுதியில்தான் 1845இல் புறப்பட்ட ஜான் பிராங்கிளினின் இரு பிரிட்டானியக் கப்பல்கள் பனியில் சிக்கின. குழுவினர் 129 பேரும் திரும்பவில்லை. அவர்கள் மாண்டமைக்குக் காரணங்கள் பல. எனினும், ஒரு மக்கள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்த நிலத்தில், மற்றொரு நாட்டின் கடற்படை அழிந்தது என்பது எண்ணத்தக்கது.

தென்முனையில் ஒரு சோதனை

1911ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் அமுண்ட்சென் தம் தோழர் நால்வருடன் தென்முனையை அடைந்தார். கடுங்குளிரில் தோலாடை, மற்ற நாள்களில் கம்பளியும் கேபர்டீனும் என்று அவர்கள் காலமறிந்து உடுத்தினர். சறுக்குவண்டிகளை நாய்கள் இழுத்தன. ஆகவே மனிதர் மிகுதியாக வியர்க்கவில்லை. பிரிட்டானியரான இராபர்ட் பால்கன் ஸ்காட் 1912 ஜனவரி 17இல் அங்குச் சேர்ந்தார். திரும்பும் வழியில் அவரும் உடன்சென்ற நால்வரும் உயிர்நீத்தனர். அக்குழுவினர் நெடுந்தொலைவு வண்டியைத் தாமே இழுத்தனர். அத்தகைய உழைப்பில் தோலாடை தாங்காது என்பதால் கம்பளியும் கேபர்டீனுமே உடுத்தினர். உணவுக் குறைவு, எதிர்பாராத குளிர், உடல் தளர்ச்சி ஆகியவை சேர்ந்தே அவர்களை வீழ்த்தின. ஆடையை மட்டும் குறை கூறுதல் நேர்மையன்று. ஆயினும், ஆடையும் பயண முறையும் ஒன்றையொன்று சார்ந்தவை என்னும் உண்மை இங்கு வெளிப்பட்டது. எப்படி உழைக்கிறோம் என்பதை அறியாமல் எதை உடுத்துவது என்று முடிவு செய்ய இயலாது.

வியர்வையின் கொடுமையை எண்களால் காட்டிய நிகழ்ச்சியும் ஸ்காட்டின் குழுவிலேயே நடந்தது. 1911இன் துருவக் குளிர்காலத்தில் வில்சன், பவர்ஸ், செரி-கெரார்டு ஆகிய மூவர், பெங்குவின் முட்டைகளைத் தேடி இருளில் ஐந்து வாரம் பயணம் செய்தனர். குளிர், பூஜ்யத்துக்குக் கீழ் 60 பாகை செல்சியஸ் வரை இறங்கியது. உடலின் ஈரம் ஆடையிலும் உறங்குபையிலும் உறைந்தது. புறப்படும்போது 18 பவுண்டு எடையிருந்த செரி-கெரார்டின் உறங்குபை, திரும்பும்போது 45 பவுண்டு இருந்தது. மிகுந்த 27 பவுண்டும் பனிக்கட்டியே! ஒருநாள் காலை கூடாரத்தை விட்டு வெளியே வந்து அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். சில நொடிகளில் ஆடை இரும்புபோல் உறைந்துவிட்டது. நிமிர்ந்த தலையைத் தாழ்த்த முடியாமலே நான்கு மணி நேரம் வண்டியை இழுத்தார். அவரை அவ்வாறு விலங்கிட்டது அவர் உடலின் ஈரமே.

சிரிப்புக்கிடமான அங்கி

அடுத்த பாடசாலை எவரெஸ்ட். 1922இல் அங்குச் சென்ற பிரிட்டானியக் குழுவில் ஜார்ஜ் பிஞ்ச் என்னும் வேதியியலார் இருந்தார். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அவர் பலூன் செய்யும் துணியில் வாத்தின் மென்தூவியை நிரப்பித் தைத்த பருத்த அங்கியொன்றைக் கொண்டுவந்தார். கம்பளிச் சட்டைகளின்மேல் காற்றுத்தடை உடை அணிவதையே முறையெனக் கொண்ட தோழர்கள் அதனைக் கண்டு நகைத்தனர். குளிர் கடுமையானபோது நகைப்பு நின்றது, பொறாமை பிறந்தது. பிஞ்ச் மே 27இல் ஜெப்ரி புரூஸ் என்பவருடன் ஏறத்தாழ 8,320 மீட்டர் உயரத்தை எட்டினார். அதுவரை எம்மனிதனும் ஏறாத உயரம் அது. எனினும் தூவியங்கி பொதுவழக்காவதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன.

1924 ஜூன் 8இல் ஜார்ஜ் மலோரியும் ஆண்ட்ரூ இர்வினும் எவரெஸ்டின் உச்சியருகே மறைந்தனர். மலோரியின் உடல் 1999 மே முதல் நாள் கண்டெடுக்கப்பட்டது. பட்டு, பருத்தி, கம்பளி எனப் பல மெல்லிய அடுக்குகளும் கேபர்டீன் மேலாடையும் உடலில் இருந்தன. அத்துணிகளை ஆராய்ந்து நகல்கள் செய்து 2006இல் எவரெஸ்டிலேயே அணிந்து பார்த்தனர். இன்றைய உடையினும் எடை குறைந்த அவ்வுடை, இயங்கிக்கொண்டிருக்கும் வரை நல்ல காப்பளித்தது. புயலில் இரவைக் கழிக்கப் போதாது என்பதும் தெளிவாயிற்று. 2024இல் பனியாற்றில் ஒரு காலணியும் காலுறையும் கிடைத்தன. காலுறையில் இர்வினின் பெயர் தைக்கப்பட்டிருந்தது. நூறாண்டுக்குப்பின் அவரை அடையாளங் காட்டியது அந்தச் சிறு தையலே.

தூவி முதல் நுண்துளை வரை

தூவியங்கியைக் கடைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் சியாட்டில் நகர வணிகர் எடி பாயர். குளிர்கால மீன்பிடிப்பின்போது கம்பளி உடை நனைந்து, உடல் விறைத்துச் சாவின் விளிம்பைக் கண்டு மீண்டவர். 1936இல் வாத்துத் தூவியைச் சிறு சிறு அறைகளாகத் தைத்து அடக்கிய அங்கியை விற்கத் தொடங்கினார். அறைகளாகத் தைக்காவிடில் தூவி முழுதும் கீழே இறங்கிவிடும்.

1953 மே 29இல் எட்மண்ட் ஹில்லரியும் டென்சிங் நோர்கேயும் எவரெஸ்டின் உச்சியை அடைந்தபோது, தூவியுடைக்கு வெளியே பருத்தியும் நைலானும் கலந்து நெய்த காற்றுத்தடை உடை இருந்தது. அப்பயணத்தில் வலைச்சட்டையும் பயன்பட்டது. அது 1933இல் நார்வேயின் படை அதிகாரி ஹென்ரிக் புருன் மீன்வலையைக் கொண்டு உருவாக்கியது. துளைகளே நிறைந்த சட்டை குளிரைத் தடுக்குமா என்று ஐயுறலாம். அத்துளைகளில் தங்கும் காற்றே காப்பு. ஈரமும் அவ்வழியே விலகும். உச்சிக்குச் செல்லும் நாள் காலையில் ஹில்லரியின் காலணிகள் கல்லாய் உறைந்திருந்தன. அடுப்பில் இரண்டு மணி நேரம் வாட்டிய பின்னரே புறப்பட முடிந்தது. உலகின் மிக உயர்ந்த வெற்றியும் ஈரமான காலணியின் முன் இரண்டு மணி நேரம் காத்து நின்றது.

1975 மே 16இல் எவரெஸ்டில் ஏறிய முதற்பெண்மணி ஜப்பானின் ஜுங்கோ தபெய். பொருள் வளம் குறைந்த அவரது மகளிர் குழு, பழைய கார் இருக்கையுறைகளைக் கொண்டு வெளிக் கையுறைகளைத் தைத்துக்கொண்டது. இனுயிட் பெண்டிரின் ஊசி மீண்டும் பெண்கள் கையில் உயிர் காத்தது.

வேதியியல் நுழைந்தது இதன்பின். 1969இல் அமெரிக்கரான இராபர்ட் கோர், சூடேற்றிய ஒருவகை நெகிழிக் கோலை மெல்ல இழுத்து இழுத்துத் தோற்றார். பின் ஒருநாள் வெடுக்கென இழுத்தார். அது அறுபடாமல் பல மடங்கு நீண்டு, நுண்துளைகள் நிறைந்த படலமாயிற்று. நீர்த்துளி அத்துளைகளில் புகாது, நீராவி புகும். 'கோர்-டெக்ஸ்' என்னும் பெயரில் 1976இல் அது விற்பனைக்கு வந்தது. 1979இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆலையொன்று, ஈரத்தை உறிஞ்சாத பாலியெஸ்டரில் கம்பளியை ஒத்த 'பிளீஸ்' துணியை உருவாக்கியது.

இன்று பனிச்சறுக்கு ஆடுவோரும் மலையேறுவோரும் உடுத்துவது மூன்று அடுக்கு. உடலை ஒட்டியது வியர்வையை வாங்கி வெளியே கடத்தும். ஆகவே அதில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பருத்தி ஆகாது. நடுவடுக்கு, தூவி அல்லது பிளீஸ், காற்றைத் தேக்கும். புறவடுக்கு காற்றையும் மழையையும் தடுத்து ஆவியை விடும். அக்குளிலும் கழுத்திலும் இழுவைத் திறப்புகள் உண்டு. உழைக்கும்போது திறப்பது, ஓயும்போது மூடுவது என்பது விதி. இனுயிட் வேட்டுவன் தலையுறையைத் தள்ளி மூடிய செயலே இது.

புதுமைக்கு விலையும் உண்டு. நீர் ஒட்டாதபடி துணிக்குப் பூசப்பட்ட புளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாது தங்குவது கண்டறியப்பட்டது. சில விலக்குகளுடன் 2025 ஜனவரி முதல் அவை கலந்த துணிகளுக்குக் கலிபோர்னியா மாநிலம் தடை விதித்தது. பிளீஸ் துணியோ துவைக்குந்தோறும் நெகிழி இழைகளை நீரில் உதிர்க்கிறது. கரிபூத் தோல் மண்ணில் மட்கிவிடும். அதற்கு ஈடான செயற்கைத் துணி இன்னும் தேடப்படுகிறது.

1997 மே 23ஆம் நாள் எம். மகேந்திரன், என். மோகனதாஸ் என்னும் தமிழர் இருவர் மலேசியாவின் முதல் வெற்றியாளராக எவரெஸ்டின் உச்சியில் நின்றனர். பனியே பெய்யாத நாட்டில் வளர்ந்த அவர்களைக் காத்த உடையில், பிஞ்சின் தூவியும் கோரின் காலத்து வேதியியலும் ஒருபுறம் இருக்க, பெயர் தெரியாத வடநிலப் பெண்டிர் கண்ட விதியும் இருந்தது. பனியை வென்ற ஆடை எந்த ஒரு நாட்டின் ஆய்வுக்கூடத்திலும் முழுமையாகப் பிறந்ததன்று. கல்லாதவர் என்று எண்ணப்பட்டவரிடம் சென்று மாணவராய் அமர்ந்தோர் உயிரோடு திரும்பினர் என்பதே அவ்வாடையின் மடிப்புகளில் எழுதப்பட்டுள்ள வரலாறு.