பதினைந்து வாட்டின் வரலாறு

பழைய கிதார் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் திறப்பவர் முதலில் தேடுவது, ஸ்பீக்கர் எத்தனை வாட் தாங்கும் என்ற குறிப்பை. 1950-களின் அமெரிக்க ஸ்பீக்கர்கள் பலவற்றில் அது இருப்பதில்லை. இரும்புச் சட்டத்தில் சில இலக்கங்கள் மட்டும் இருக்கும். 220632 என்றால், 220 ஜென்சன் நிறுவனத்தைக் குறிக்கும், 6 ஆண்டின் கடைசி இலக்கம், 32 வாரம். ஆண்டு 1956-ஆ 1966-ஆ என்பதைக்கூட நாம்தான் ஊகிக்க வேண்டும். பிறந்த வாரத்தைச் சொல்லும் அந்த எண் வலிமையைச் சொல்வதில்லை.

1925-இல் ரைஸும் கெல்லாக்கும் விவரித்த இயங்குசுருள் ஸ்பீக்கரின் அடிப்படை இன்றும் மாறவில்லை. காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச்சுருள் அசைகிறது; அதனோடு காகிதக் கூம்பும் அசைகிறது. உள்ளே செல்லும் மின்சாரத்தில் மிகச் சிறு பங்கே ஒலியாகிறது. எஞ்சியது வெப்பம். அக்காலச் சுருள்கள் பலவும் காகிதக் குழலில் பசையிட்டுச் சுற்றப்பட்டவை. ஆகவே ஸ்பீக்கருக்கு இருவகை மரணம்: சுருள் கருகுவது, அல்லது கூம்பு எல்லை மீறி அசைந்து கிழிவது.

பீட்டில்ஸ் வழியாகப் புகழ்பெற்ற வாக்ஸ் ஏசி30-ஐ எடுத்துக்கொள்வோம். ஆம்ப்ளிஃபயர் 30 வாட். உள்ளே தலா 15 வாட் தாங்கும் இரண்டு செலஸ்டியன் ஸ்பீக்கர்கள். ஏட்டில் கணக்கு நேராக இருக்கிறது. ஆனால் அந்த 30 வாட், தெளிவான ஒலிக்கான கணக்கு. கிதார் கலைஞன் முழு ஒலியில் வாசிக்கும்போது அலையின் முகடுகள் வெட்டுப்பட்டுச் சதுர வடிவை நெருங்குகின்றன. அதே உச்சமுடைய சைன் அலையைவிட முழுச் சதுர அலை இருமடங்கு ஆற்றல் தருவது. வடிவமைத்தவர்கள் பிழையென்று கருதிய ஒலியை அடுத்த தலைமுறை இசையென்று கொண்டாடியபோது, விலை கொடுத்தவை இந்தக் காகிதக் குழல்கள்தாம்.

கலிபோர்னியாவில் டிக் டேல் ஸ்பீக்கர்களை எரித்துக்கொண்டே இருந்தார். லியோ ஃபெண்டரின் விடை ஷோமேன் ஆம்ப்ளிஃபயரும், நான்கு அங்குலச் சுருள் கொண்ட பதினைந்து அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கரும். லண்டனில் 1965-இல் பீட் டவுன்ஷெண்ட் ஜிம் மார்ஷலிடம் 100 வாட் கேட்டார். 20 வாட் ஸ்பீக்கர்கள் நான்கு சேர்ந்தால் 80 வாட்தான். எட்டு ஸ்பீக்கர்களை ஒரே பெட்டியில் அடைத்தபோது தூக்குவோர் முணுமுணுத்தனர். அது இரண்டாகப் பிரிந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியது. ராக் மேடையின் அடையாளமான அந்தக் கோபுரத்துக்குப் பின்னால் ஓர் எளிய கூட்டல் கணக்கும் இருந்தது.

இன்று ஒரு பழைய ஸ்பீக்கரை மதிப்பிடுபவர், முத்திரை எண்ணால் அதைத் தயாரித்த நிறுவனத்தையும் வாரத்தையும் அறியலாம். சுருளின் விட்டத்தைப் பார்க்கலாம்: ஓர் அங்குலச் சுருள் ஒன்றரை அங்குலச் சுருளின் வெப்பத்தைத் தாங்காது. எந்த ஆம்ப்ளிஃபயரோடு விற்கப்பட்டது என்பதும் ஒரு சாட்சி. ஆனால் ஏசி30 காட்டுவதுபோல், அந்தச் சாட்சி பாதுகாப்பு இடைவெளியைச் சொல்வதில்லை. அறுபது ஆண்டுகளில் பசை உலர்ந்திருக்கும், காகிதம் நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும். கிடைத்த எண்ணில் பாதியையே நம்புவது விவேகம்.

கருகிய சுருளையும் கூம்பையும் மாற்றலாம். காந்தமும் சட்டமும் பழையவையாகவே இருக்கும். ஆனால் நாம் கேட்டது காந்தத்தை அல்ல, அந்தக் காகிதத்தை. தவறான ஊகத்தில் இழப்பது ஒரு பொருளை மட்டுமல்ல. மீண்டும் செய்ய முடியாத ஒரு குரலை.