வஸ்தோக்: மேலேறும் கிழக்கு

கண்டியை அடுத்த பேராதனைப் பூங்காவின் நினைவு மரங்களுள் யூரி ககாரின் நட்டதும் ஒன்று. 1961 ஏப்ரல் 12 அன்று 108 நிமிடங்களில் விண்வெளிக்குப் போய், புவியை ஒருமுறை சுற்றி மீண்டவர், அவ்வாண்டு டிசம்பரில் இலங்கைக்கு வந்தபோது நட்ட மரம் அது. மனிதரைப் பலர் பாடிவிட்டார்கள். சொல்லை விரும்பும் நமக்கு அவர் ஏறிய கலத்தின் பெயரே விருந்து. வஸ்தோக்.

உருசிய மொழியில் அது கிழக்கு. 'மேல்நோக்கி' என்னும் முன்னொட்டும் 'ஓட்டம்' என்னும் வேரும் கூடிப் பிறந்த சொல். ஞாயிறு மேலெழும் திசை என்பது உட்பொருள். கண்டிக் கடைத்தெருவில் ஒலிக்கும் சிங்களமும் இதே கண்ணால்தான் பார்க்கிறது: 'நெகெனஹிர', அதாவது எழுகின்ற ஞாயிறு.

நம் தமிழோ வானத்தை விட்டுவிட்டு நிலத்தைப் பார்த்தது. 'கீழ்' என்னும் அடி, நெடில் குறுகித் திசை காட்டும் ஈறேற்றுக் கிழக்காயிற்று; மேற்குத் தொடர் மலையிலிருந்து கடலுக்குச் சரியும் நாட்டில் மேல் மேற்கானதும் கீழ் கிழக்கானதும் இயல்பே. பகைவரின் தலை கீழே விழுவதைச் சொல்லும் இடத்தில் வள்ளுவர் 'கிழக்கு' என்றே எழுதினார். அங்கே திசைக்கு வேலையே இல்லை. மலை கிழக்கே நிற்கும் கேரளத்திலும் கிழக்கு கிழக்காகவே தங்கிவிட்டது. அதை வைத்தே, மலையாளிகளின் முன்னோர் மலைக்கு இப்பாலிருந்து போனவர்கள் என்று வாதிட்டார் கால்டுவெல்.

கண்டியிலோ இச்சொற்களின் பாடு வேடிக்கையானது. 'கந்த உட ரட்ட', மலை மேல் நாடு, என்ற சிங்களத் தொடர் போர்த்துக்கேயர் வாயில் குறுகிக் கண்டியானது. மகாவலி வளைந்து கிழக்கே மகியங்கனைச் சமவெளிக்கு இறங்குகிறது, கிழக்கு தப்பித்தது. தொடர்வண்டியோ கடுகண்ணாவைச் சரிவில் மேற்கே கொழும்பை நோக்கி இறங்குகிறது. மேற்குக்கு அங்கே மேல் ஏது!

விண்கலத்துக்கு உருசியப் பார்வைதான் பொருத்தம் என்பதை ஒப்பத்தான் வேண்டும். புவியின் சுழற்சி வேகமும் துணையாகட்டும் என்று ஏவூர்திகளைப் பெரும்பாலும் கிழக்குப் பக்கமாகவே செலுத்துகிறார்கள். ஏறுவதும் கிழக்கும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. 1963 ஜூனில் தெரெஷ்கோவா சென்ற ஆறாம் கலத்தோடு வஸ்தோக் வரிசை முடிந்தது. அடுத்த வரிசைக்கு வஸ்கோத், உதயம், என்று பெயரிட்டார்கள், முன்னொட்டு மாறவில்லை. 2016இல் முதல் ஏவூர்தி எழுந்த புதிய ஏவுதளத்தின் பெயரோ வஸ்தோச்னி. நம் வழக்கில் சொன்னால், கிழக்கத்தி.