மலையகத்து ஸ்கொட்லாந்தியர் கல்லறைகளின் மரபுரிமை மதிப்பு: மகாய்யாவ இடுகாட்டை முன்வைத்து

முன்னுரை

இலங்கை மலையகத்தின் பெருந்தோட்ட வரலாற்றில் ஸ்கொட்லாந்தியரின் பங்கு பெரிது. 19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டின் வடகிழக்குப் பகுதிகளான கின்கார்டின்சயர், அபர்டீன்சயர் ஆகியவற்றிலிருந்து இளைஞர் பலர் காப்பித் தோட்டங்களுக்குச் சின்னத்துரைமாராக வந்தனர். தாயகம் திரும்பாதோர் கண்டி முதலிய ஊர்களின் இடுகாடுகளில் அடக்கமாயினர். இக்கல்லறைகளின் மரபுரிமை மதிப்பு யாது என்பதையும், அதனைத் தோட்டத் தமிழரின் வரலாற்றோடு இணைத்துக் காண வேண்டியதன் தேவையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்லறை வாசகமும் வரலாறும்

கல்லறை வாசகங்கள் பெயர், வயது, இறந்த நாள் ஆகியவற்றோடு சில வேளைகளில் பிறந்த ஊரையும் இறப்பின் காரணத்தையும் தருகின்றன. கண்டியின் பழைய படைவீரர் இடுகாட்டில் ஏறத்தாழ 195 பேர் அடக்கமாகியுள்ளனர்; அவர்களுள் முதுமையால் இறந்தோர் மிகச் சிலரே. மலேரியா, வாந்திபேதி முதலிய நோய்களுக்குப் பலர் இளமையிலேயே இரையாயினர். 1856இல் காட்டு யானையால் கொல்லப்பட்ட ஜான் ஸ்பாட்டிஸ்வுட் ராபர்ட்சனின் கல்லறையும் அங்குள்ளது. காடழித்துத் தோட்டம் அமைத்த காலத்தின் உயிரிழப்பை இக்கற்கள் நேரடியாகக் காட்டுகின்றன.

ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை

அவ்விடுகாடு மூடப்பட்ட பின்னர் கண்டியில் இறந்த ஐரோப்பியர் மகாய்யாவ இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டனர். கின்கார்டின்சயரில் 1835இல் பிறந்த ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை இங்குள்ளது. 1852இல் இலங்கை வந்த டெய்லர், 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் அழித்தபோது இம்முயற்சியே நாட்டின் புதிய பொருளாதாரத்துக்கு வழியானது. 1892 மே 2ஆம் நாள் லூல்கந்துரவிலேயே அவர் இறந்தார். தேயிலை, சின்கோனா பயிர்களின் முன்னோடி என்று கல்லறை வாசகம் அவரைக் குறிப்பிடுகிறது.

அவருடைய உடலைத் தொழிலாளர் 24 பேர், 12 பேர் கொண்ட இரு அணிகளாக மாறி மாறிச் சுமந்து கண்டிக்குக் கொண்டுவந்தனர் என்றும், உடன் நடந்தோர் ‘சாமி துரை’ என்று அழுதனர் என்றும் கூறப்படுகிறது. இதனை விசுவாசத்தின் சான்றாக மட்டும் கொள்வது பொருந்தாது. துரை, கங்காணி, தொழிலாளி என்னும் அதிகார அடுக்கும் அச்சொல்லில் பதிந்துள்ளது. சுமந்தோரின் பெயர்களோ கல்லறையில் இடம்பெறவில்லை.

கல் நாட்டப்படாதோர்

தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்தோருள் பலர் வழியிலேயே மாண்டனர். தோட்டங்களில் இறந்தோர் தோட்ட மண்ணிலேயே புதைக்கப்பட்டனர். பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் இல்லை. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதை இவ்வின்மையையே பேசுகிறது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிடம் பரம்பரைச் சான்றைக் கோரியது. முன்னோர் இம்மண்ணில் பிறந்ததை ஆவணத்தால் நிறுவ இயலாதோர் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இந்தியா சென்றோர் முன்னோரின் புதைகுழிகளையும் விட்டுச் சென்றனர். எனவே பெயர் பொறித்த கல் என்பது நினைவுப் பொருள் மட்டுமன்று. உரிமைக்கான சான்றாகவும் அமையத்தக்கது.

முடிவுரை

ஸ்கொட்லாந்தியர் கல்லறைகள் காக்கப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை. மழையும் பாசியும் எழுத்துகளை அழிக்கும் முன்னர் அவற்றின் வாசகங்களைப் படியெடுத்தல் முதற்பணியாகும். ஆயினும் ஒரு சாராரின் இறப்பை மட்டும் காக்கும் மரபுரிமைப் பணி, தோட்ட வரலாற்றின் ஏற்றத்தாழ்வை மீண்டும் நிலைநிறுத்துவதாகவே அமையும். தோட்ட இறப்புப் பதிவேடுகள், லயக் குடும்பங்களின் வாய்மொழி நினைவுகள், தோட்டப் புதைகாடுகளின் அமைவிடங்கள் ஆகியவற்றையும் இக்கல்லறைப் பதிவோடு ஒருங்கே தொகுக்க வேண்டும். அப்போதுதான் டெய்லரின் கல்லறை, அவரைச் சுமந்து வந்தோரின் வரலாற்றுக்கும் சான்றாகும்.