மூன்று மாதம் முந்தியிருந்தால்

பெருமுக்கல்லில் எங்கள் எதிர்வீட்டுக் குழந்தை பாட்டியிடம்தான் வளர்கிறது. அம்மா 2024 ஜூனில் இங்கிலாந்து போனார், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. "பிள்ளைய எப்ப சார் கூட்டிட்டுப் போவா?" என்று பாட்டி என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

பழைய கதைதான் இது. 1960களில் பிரிட்டிஷ் மருத்துவமனைகள் நம் டாக்டர்களை விரும்பி அழைத்தன. 2006 ஏப்ரலில் பயிற்சி டாக்டர்களுக்கும் வேலை அனுமதி கட்டாயமானது. உள்நாட்டிலோ ஐரோப்பாவிலோ ஆள் இல்லையென்று மருத்துவமனை காட்டினால்தான் நம்மவருக்கு இடம்.

கொரோனாவுக்குப் பின் முதியோர் இல்லங்களில் கடும் ஆள் பஞ்சம். 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கும் விசா திறந்தது. வந்தவர் எண்ணிக்கை பெருகியதும் கெடுபிடி. 2024 மார்ச் 11 முதல் அவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது. நர்ஸ்களுக்கு அந்தத் தடை இல்லை. 2025 ஜூலை 22 முதல் இந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கவே முடியாது. இல்லம் நடத்துபவர்கள் இனி அங்கேயே இருப்பவர்களில்தான் தேட வேண்டும்.

மார்ச்சுக்கு முன் விண்ணப்பித்திருந்தால் பிள்ளையும் போயிருக்கும். அந்தப் பெண் அங்கே யாரோ ஒரு பாட்டியைத் தூக்கி உட்கார வைக்கிறார். இங்கே அவருடைய பிள்ளையை, மூட்டு வலியோடு இந்தப் பாட்டி தூக்குகிறார்.

தேதி தெரிந்த எனக்கு, பாட்டிக்குச் சொல்லத்தான் வாய் வரவில்லை.