நேரம் பார்த்து விழும் அருவி: மேல் கொத்மலையை எதிர்த்தவர்களின் கதை



ஓயாவில் மணல் அள்ளுவது பற்றிப் போன வாரம் நம் ஊர் குழுவில் பேச்சு வந்தது. ஒரு தம்பி எழுதியிருந்தார்: "இந்த ஆத்தப் பத்தி எந்தக் காலத்துல யாரு கேட்டா, இப்ப கேக்கிறதுக்கு?" கோபத்தில் எழுதியதாக இருக்கலாம். ஆனாலும் அந்தக் கேள்விக்குச் சரித்திரத்தில் பதில் இருக்கிறது. இதே ஆற்றுக்காகக் கிட்டத்தட்ட இருபது வருஷம் கேட்டிருக்கிறார்கள். தலவாக்கலையில் கேட்டார்கள், கொழும்பில் கேட்டார்கள், நீதிமன்றத்திலும் கேட்டார்கள். இன்றைக்கு ஏ.எல். படிக்கும் பிள்ளைகளுக்கு அது தெரியாது. அவர்களுக்கு அந்த அணைக்கட்டு மலையைப்போல எப்போதும் அங்கேயே இருந்த ஒன்று. கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் ஆறு. அக்கரப்பத்தனைப் பக்கமிருந்து வரும் ஆக்ரா ஓயாவும் நுவரெலியாப் பக்கமிருந்து வரும் நானு ஓயாவும் சேர்ந்து தலவாக்கலையைக் கடக்கிறபோது அதற்குக் கொத்மலை ஓயா என்று பெயர். ஊரிலிருந்து மூன்று கிலோமீற்றர் போனால் சென் கிளேயரில் 80 மீற்றர் கீழே விழுகிறது. ஹட்டன் - நுவரெலியா பாதையில் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் தலையைத் திருப்பிப் பார்க்கும் இடம். பிறகு கொத்மலைப் பள்ளத்தாக்கில் இறங்கி மகாவலியில் சேர்கிறது. இவ்வளவு உயரத்திலிருந்து இவ்வளவு குறுகிய தூரத்தில் ஒரு ஆறு இறங்கினால் பொறியியலாளர் கண்ணுக்கு அது மின்சாரம்தான். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மலைநாட்டுத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே எழுதிவிட்டார்.

ஆனால் மேல் கொத்மலைக்கு முந்திய இரண்டு அணைக்கட்டுகளைப் பார்க்காமல் இந்தக் கதை விளங்காது.

ஒன்று மவுசாக்கலை. 1960களில் கட்டி 1969இல் முடித்தார்கள். பழைய மஸ்கெலியா நகரம் அதற்குள் போனது. வரட்சியில் தண்ணீர் வற்றும்போது பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் இடிபாடுகள் வெளியே வரும். இப்போது சனம் போய் செல்ஃபி எடுக்கிறது. நான் யோசிப்பது வேறொன்றை. அந்த நகரத்தைச் சுற்றியிருந்த தோட்டங்களில் அன்று எத்தனை பேருக்கு வாக்கு இருந்தது? 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, அடுத்த வருஷமே வாக்கும் போனது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டு, இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பிரித்தது. அதாவது மவுசாக்கலையில் அணை எழும்பிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், அதைச் சுற்றி வாழ்ந்த பெரும்பாலானோர் எந்த நாட்டுக்காரர் என்பதே முடிவாகியிருக்கவில்லை. "எங்கட ஊரை மூழ்கடிக்காதீங்க" என்று சொல்வதற்கு முதலில் அது உன் ஊர் என்று ஒரு கடதாசி வேண்டுமே.

மற்றது கொத்மலை. 1979இல் தொடங்கி 1985இல் முடிந்தது. சுவீடன் நாட்டு உதவி. துரித மகாவலித் திட்டத்தின் காலம் அது. ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் எழும்ப வேண்டி வந்தது. பெரும்பாலும் சிங்கள விவசாயக் குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாக வயல் செய்தவர்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட விகாரைகளும் வணக்கத் தலங்களும் தண்ணீருக்குள் போயின. வாக்கு இருந்தவர்களுக்கே அந்தக் கதி. அன்று அரசாங்கத்தின் வேகத்துக்கு முன்னால் யாரும் நிற்க முடியவில்லை என்பதுதான் உண்மை. நாம் சில நேரம் எல்லாவற்றையும் தமிழர் - சிங்களவர் என்று மட்டும் பார்க்கிறோம். கொத்மலைப் பள்ளத்தாக்கில் வீட்டை விட்டுப் போன சிங்களத் தாய்மாரின் கதையையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இனி மேல் கொத்மலை. ஜப்பானிய நிறுவனமான ஜைக்கா 1980களின் நடுப்பகுதியில் சாத்தியவள ஆய்வு செய்தது. கலிடோனியாவில் பெரிய நீர்த்தேக்கம் ஒன்றைக் கட்டுவதும் அப்போது பேசப்பட்ட யோசனைகளில் ஒன்று. அது வந்திருந்தால் தேயிலையும் லயங்களும் பெருமளவில் மூழ்கியிருக்கும். கடைசியில் எடுத்தது தலவாக்கலையில் ஒரு சிறிய குளம், அங்கிருந்து மலைக்குள்ளே சுமார் 13 கிலோமீற்றர் சுரங்கம், கொத்மலைப் பக்கம் நியம்கம்தொரவில் நிலத்தடி மின்நிலையம். 150 மெகாவாட். ஆனால் முதல் வரைபில் கொத்மலை ஓயா மட்டும் இல்லை. டெவோன், பூண்டுலோயா, இறம்பொடைப் பக்கத்துக் கிளை ஆறுகளையும் அந்தச் சுரங்கத்துக்குள் திருப்பும் எண்ணம் இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற அருவிகள் அத்தனையும் குழாய்க்குள் போகும் என்பதுதான் அதன் பொருள்.

இந்த இடத்தில் ஒரு சட்டம் குறுக்கே வருகிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தை 1988இல் திருத்தினார்கள். பெரிய திட்டம் எதுவானாலும் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும், அந்த அறிக்கையைப் பொதுமக்கள் 30 வேலை நாட்களுக்குள் பார்த்துக் கருத்துச் சொல்லலாம் என்று வந்தது. மவுசாக்கலைக்கும் கொத்மலைக்கும் இல்லாத வாசல் இது. மேல் கொத்மலை அறிக்கை 1994இல் போனது. மத்திய சுற்றாடல் அதிகார சபை முதலில் மறுத்தது! ஒரு அரச நிறுவனம் இன்னொரு அரச நிறுவனத்தின் திட்டத்துக்கு "முடியாது" என்று சொன்ன அந்தச் சம்பவம் நம் நாட்டில் அடிக்கடி நடப்பதில்லை. மின்சார சபை அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்தது. 1998இல் அனுமதி கிடைத்தது. சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. கடைசியில் வழக்கு நிபந்தனைகளோடு இணக்கத்தில் முடிந்தது.

எதிர்த்தவர்கள் இரண்டு கூட்டம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கொழும்பிலிருந்த சுற்றாடல் ஆர்வலர்கள் அருவிகளுக்காகப் பேசினார்கள். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதினார்கள், வழக்குப் போட்டார்கள், உல்லாசப் பயணத் துறைக்கு வரும் நட்டத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். தலவாக்கலையிலும் சுற்றுவட்டத் தோட்டங்களிலும் இருந்தவர்களின் பயம் வேறு. சுரங்கம் போகிற பாதைக்கு மேலே லயம் இருக்கிறது, சுவர் வெடிக்குமா? மண் சரியுமா? பீலியில் தண்ணீர் நிற்குமா? எழுப்பினால் எங்கே கொண்டுபோய் விடுவார்கள், அங்கிருந்து மலைக்கு வேலைக்குப் போக முடியுமா? இவர்களுக்காக இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் மலையக மக்கள் முன்னணியும் குரல் கொடுத்தன. முன்னணித் தலைவர் பெ. சந்திரசேகரன் தலவாக்கலை மண்ணின் பிள்ளை. அவருக்கு இது கட்சி விஷயம் மட்டுமாக இருந்திருக்காது.

என் அபிப்பிராயத்தில் இந்த இரண்டு கூட்டமும் ஒரு மேசையில் போதுமான அளவு உட்காரவில்லை. ஒருவர் அருவி என்றார், மற்றவர் லயம் என்றார். ஆறு ஒன்றுதான். ஆனால் மொழி வேறு, செய்தித்தாள் வேறு, பயம் வேறு. திட்டத்தை நடத்த நினைத்தவர்களுக்கு இது வசதியாகப் போயிற்று. கொழும்புக்காரரைப் பார்த்து "அபிவிருத்திக்கு எதிரி" என்றார்கள். நம்மவரைப் பார்த்து "இனவாத அரசியல்" என்றார்கள்.

மறு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இது சரித்திரம் ஆகாது. 1996இல் மழை பொய்த்து நாள் கணக்கில் மணித்தியாலக் கணக்கில் மின்வெட்டு. 2001, 2002இலும் அதே கதை. குப்பி விளக்கில் ஓ.எல். படித்தவர்கள் இந்தப் பதிவை வாசிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நாட்டுக்கு மின்சாரம் தேவைப்பட்டது. எண்ணெய் வாங்கி எரிப்பதைவிட நம் தண்ணீரில் எடுப்பது நல்லது என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இன்னொன்றும் உண்மை. லக்சபான, நோட்டன், காசல்ரீ, கென்யன் என்று மலையகத் தண்ணீரில் நாடு வெளிச்சமான பிறகும், அந்தக் கம்பிகளுக்குக் கீழேயே எத்தனையோ லயங்கள் பல வருஷம் இருட்டில் கிடந்தன. "மின்சாரம் யாருக்கு?" என்று நம் பெரியவர்கள் கேட்டது பொறாமையில் இல்லை.

2002 மார்ச்சில் ஜப்பானோடு கடன் ஒப்பந்தம் ஆனது, 33 பில்லியன் யென்னுக்கு மேல். அதன் பின்னும் எதிர்ப்பும் பேச்சுவார்த்தையுமாக இழுபட்டு, 2006இல் வேலை தொடங்கியது. 2012 ஜூலையில் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ திறந்துவைத்தார். சந்திரசேகரன் அதைப் பார்க்கவில்லை, 2010 ஜனவரி 1ஆம் திகதி காலமாகிவிட்டார். இ.தொ.கா. அப்போது அரசாங்கத்தின் பங்காளி.

அப்படியானால் எதிர்ப்பு தோற்றதா? பலர் அப்படித்தான் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

கிளை ஆறுகளைத் திருப்பும் எண்ணம் கைவிடப்பட்டது. டெவோன் இன்று 97 மீற்றரும் முழுதாக விழுகிறதென்றால், இறம்பொடையில் வாகனத்தை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள் என்றால், அது யாரோ சண்டை பிடித்ததால். கலிடோனியா மூழ்கவில்லை. எழுப்பப்பட்ட ஏறத்தாழ 500 குடும்பங்களுக்கு வீடு கட்டிக்கொடுத்த பிறகுதான் அணை வேலை நிறைவேறியது. மவுசாக்கலைக் காலத்தில் இப்படி ஒரு பேச்சே கிடையாது. 2001இல் நாட்டுக்குக் கட்டாய மீள்குடியேற்றக் கொள்கை ஒன்று வந்திருந்தது, 2003இல் நாடற்றவராக மிஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்திருந்தது. வாக்கும் சட்டமும் கையில் இருந்தபோது பேரம் பேச முடிந்தது. முழுதாக வெல்லவில்லை, ஆனால் பேரம் நடந்தது.

சென் கிளேயருக்குக் கிடைத்தது ஒரு கால அட்டவணை. அமைச்சரவை முடிவின்படி நாளொன்றுக்கு 47,250 கன மீற்றர் தண்ணீரை, பகல் வெளிச்சத்தில் 10 மணித்தியாலம் 45 நிமிடத்துக்குத் திறந்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கு இதை ஒரு கணக்காகக் கொடுத்திருக்கிறேன். வகுத்துப் பார்த்தால் செக்கனுக்குச் சுமார் 1.2 கன மீற்றர். கூரைமேல் வைக்கிற 1,000 லீற்றர் தாங்கி ஒன்றை ஒவ்வொரு செக்கனும் கவிழ்ப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். படம் எடுப்பதற்குப் போதும். அந்த அருவியின் இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் போதாது. பெருமழையில் வான்கதவுகளைத் திறக்கும்போது மட்டும் அது பழைய சென் கிளேயராக எழும்பி நிற்கும். அப்போது கீழே தாழ்நிலத்தில் இருப்பவர்கள் வீட்டுச் சாமான்களைத் தூக்கி மேலே வைக்க வேண்டும், அது வேறு விஷயம்.

நம் பெரியவர்களின் பயம் வீண் பயமும் இல்லை. ஊவாவில் உமா ஓயாத் திட்டத்தைப் பாருங்கள். அங்கும் மலைக்குள் நீண்ட சுரங்கம். 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தது, 2017இல் மறுபடியும். பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, ஆயிரக்கணக்கான வீடுகள் வெடித்தன. 2017 ஜூனில் பண்டாரவளை நகரமே கடையடைத்து வீதிக்கு இறங்கியது. தலவாக்கலையில் 1990களில் கேட்ட அதே கேள்விகள், அங்கே பதில் கிடைக்காமலே தோண்டிய பிறகு நடந்தது இது.

இப்போது மணலுக்கு வருகிறேன். ஆற்று மணல் என்பது மேல்மலைக் கற்கள் நூற்றாண்டுக் கணக்கில் உருண்டு தேய்ந்து வந்தது. அணைக்கட்டின் குளத்தில் தண்ணீர் நின்றுவிடுவதால் அந்த மணல் அங்கேயே படிந்துவிடும். கீழே போகிற தண்ணீரில் மணல் குறைவு. ஆகவே அது தன் கரையையும் அடியையும் அரிக்கத் தொடங்கும். ஏற்கனவே பசியோடு ஓடுகிற ஆற்றின் அடியிலிருந்து டிரக்டர் டிரக்டராக அள்ளினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆற்றின் அடி இறங்கினால் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரும் இறங்கும், பாலத்தின் தூண் வெளியே தெரியும், கரையோரத் தேயிலை மண்ணோடு போகும்.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி மணல் அள்ள, புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 2019 டிசம்பரில் மணல் கொண்டுபோவதற்கான அனுமதிப்பத்திர முறையை அரசாங்கம் நீக்கியபோது என்ன நடந்தது என்று நாடு முழுக்கப் பார்த்தோம். வீடு கட்டும் ஏழைக்கு மணல் மலிவாகும் என்று சொன்னார்கள். மணல் மலிந்ததோ இல்லையோ, ஆறுகள் மலிந்தன.

லயத்துச் சுவர் பூச நாலு பை மணல் அள்ளுகிறவரை நான் சொல்லவில்லை. அவரையும் இரவில் லொறி விடுகிறவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. லொறிக்காரரிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, எந்த இடத்துக்கு, எத்தனை கியூப், எந்தத் திகதி வரை என்று கேட்கலாம். அவர் சொல்லாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பணியகத்திடமோ பிரதேச செயலகத்திடமோ எழுத்தில் கேட்கலாம். தமிழில் கேட்கலாம். விண்ணப்பம் எழுதத் தெரியாவிட்டால் வாங்க, சேர்ந்து எழுதுவோம். சிங்களத்தில் எழுத வேண்டுமென்றால் நம் பாடசாலைக்குப் பக்கத்துப் பாடசாலை ஆசிரியர்கள் உதவுவார்கள், அவர்கள் வீட்டுக் கிணறும் இதே ஓயாவின் கரையில்தான்.

இன்னொரு வேண்டுகோள். 2012க்கு முந்திய சென் கிளேயர் படங்கள், எதிர்ப்புக் கூட்டங்களின் துண்டுப்பிரசுரங்கள், அணைக்காக எழும்பிப் போனவர்களின் பழைய வீட்டுப் படங்கள் யாரிடமாவது இருந்தால் உள்பெட்டியில் அனுப்புங்கள். அலுமாரிக்குள் கிடப்பதைவிட வகுப்பில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் பார்க்கட்டும்.